பெயர் உண்டு, ஊர் இல்லை

"ஊர் பேர் தெரியாத ஆள்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் ஒருவரைப் பற்றிச் சொன்னால், அவரைத் திண்ணையில் உட்கார வைக்கவும் அவர்கள் தயங்குகிறார்கள் என்று பொருள். அந்தத் தொடரில் ஊர் முதலில் வருகிறது, பேர் அதன் பின்னால்தான் வருகிறது. இந்த வரிசையில் எவ்வளவு அறிவு இருக்கிறது என்பதை எனக்குக் கற்றுக் கொடுத்தது ஒரு மனிதர் அன்று, ஒரு நண்டு. அதுவும் உயிருள்ள நண்டு அன்று, கல்லாகிப் போன நண்டு.

தொல்லுயிர்ப் படிவம் ஒன்றுக்குப் பெயர் சூட்டுவது பெரிய காரியம் என்றும், அது எங்கே கிடைத்தது என்று எழுதி வைப்பது எழுத்தர் வேலை என்றும் நம்மில் பலர் எண்ணுகிறோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். இப்போது என் கருத்து நேர் எதிரானது. பெயரை இன்று இல்லாவிட்டால் நாளை யாரேனும் கண்டுபிடித்துவிடலாம். தொலைந்த ஊரை எந்த அறிஞராலும் மீட்டுத்தர இயலாது. ஆகவே கல்லைக் காப்பதற்கு முன்னால் சீட்டைக் காக்க வேண்டும். இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். அப்படி ஒரு சீட்டைத் தொலைத்தவன் என்பதே என் தகுதி.

குப்பைக்குப் போன சீட்டு

நம் விலங்கியல் துறை அருங்காட்சியகத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்மலின் குப்பிகளில் பாம்பும் தேளும் கடல் அட்டையும் இருக்கும் அலமாரிக்கு அடுத்து, மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. அதில் பழுப்பேறிய பஞ்சின் மேல் உள்ளங்கையில் அடங்கும் ஒரு கல் நண்டு இருக்கிறது. முதலாண்டில் அதைப் பார்த்தபோது யாரோ சிற்பி செதுக்கியது என்றே நினைத்தேன்.

தரமதிப்பீட்டுக் குழு வருகிறது என்று சென்ற ஆண்டு கல்லூரி முழுவதும் துப்புரவு நடந்தது. அருங்காட்சியகம் எங்கள் வகுப்பின் பொறுப்பு. நான் அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தேன். பஞ்சு பூச்சி அரித்து நாறியது. நண்டை எடுத்துத் துடைத்து வைத்தேன். பழைய பஞ்சை அப்படியே வாரிக் குப்பைக் கூடையில் போட்டேன். புதுப் பஞ்சு விரித்து நண்டைத் திரும்ப அமர்த்தியபோது, நல்ல வேலை செய்த பெருமிதம்கூட எனக்கு இருந்தது.

மறுநாள் ஆய்வக உதவியாளர் அண்ணன் வந்து பெட்டியைப் பார்த்தார். "தம்பி, பஞ்சுக்கு அடியில ஒரு சீட்டு மடிச்சு வெச்சிருந்துச்சே, எடுத்து வெச்சீங்களா?" என்று கேட்டார். எனக்குத் திக்கென்றது. குப்பைக் குழிக்கு ஓடினேன். அதற்குள் அங்கே எல்லாம் எரிந்து சாம்பலாகியிருந்தது.

நண்டின் அடிப்புறத்தில் கறுப்பு மையில் 47 என்று ஓர் எண் எழுதியிருந்தது. அந்த எண்ணுக்குரிய பதிவேட்டைத் தேடினோம். பழைய பீரோவில் அட்டை இருந்தது, உள்ளிருந்த தாள்களைக் கறையான் தின்றிருந்தது. சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று அண்ணனைக் கேட்டேன். "இங்கிலீஷ்ல ரெண்டு வரி இருந்துச்சு தம்பி, நான் படிச்சதில்ல" என்றார். அவர் முப்பது ஆண்டுகளாக அந்தச் சீட்டைப் படிக்காமலே காத்திருக்கிறார். படிக்கத் தெரிந்த நான் ஒரே நாளில் எரித்துவிட்டேன்.

நண்டை விசாரித்த கதை

பேராசிரியரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "சரி, நண்டு இருக்கிறதல்லவா? அது என்ன சொல்கிறது என்று கேட்டுப் பார்" என்றார். அடுத்த இரண்டு மாதங்கள் மாலை வேளைகளில் கைலென்சும் அளவுகோலும் வைத்துக்கொண்டு அதை விசாரித்தேன்.

முதலில், இது செத்த நண்டா, அல்லது நண்டு கழற்றிப் போட்ட சட்டையா என்று பார்க்க வேண்டும். நண்டு வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றிவிடும். அப்போது மேலோட்டின் பின்விளிம்பு வாய் பிளந்ததுபோல் தூக்கிக்கொள்ளும், அந்த வழியாகவே நண்டு வெளியேறும். எங்கள் நண்டின் மேலோடு பின்னால் இறுக மூடியிருந்தது. கால்கள் உடம்போடு மடிந்திருந்தன. எனவே இது சட்டை அன்று, சேற்றில் புதைந்துபோன நண்டேதான்.

அடுத்தது ஆணா பெண்ணா என்ற கேள்வி. இது முதலாண்டு மாணவருக்கும் தெரியும். நண்டின் வயிறு உடம்புக்கு அடியில் மடிந்து கிடக்கும். ஆணுக்கு அது ஒடுங்கிய முக்கோணமாகவும், முட்டை சுமக்க வேண்டிய பெண்ணுக்கு அகன்ற தட்டாகவும் இருக்கும். கல்லான பிறகும் அந்த வேறுபாடு மாறுவதில்லை. எங்கள் நண்டு ஆண்.

பிறகு இனம். சந்தையில் நாம் பார்க்கும் நீலக்கால் நண்டோ என்று முதலில் எண்ணினேன். அந்த நண்டுக்கு மேலோட்டின் முன்பக்க ஓரத்தில் பக்கத்துக்கு ஒன்பது பற்கள் உண்டு. ஒன்பதாவது நீண்ட முள்ளாக வெளியே துருத்தும். கடைசிக் கால் நீந்துவதற்காகத் துடுப்புப்போல் தட்டையாகியிருக்கும். எங்கள் நண்டில் ஒன்பது பல்லும் இல்லை, துடுப்பும் இல்லை. வயல் நண்டோ என்று பார்த்தால் அதன் ஓடு வழவழப்பாக உப்பியிருக்கும். இதன் ஓட்டிலோ மணல் தூவியதுபோல் சிறு பொரிகள். அகலம் 42 மில்லிமீட்டர், நீளம் 30 மில்லிமீட்டர். எல்லாவற்றையும்விட என் கண்ணில் பட்டது அதன் கண். கண் அழிந்துவிட்டது, ஆனால் கண் இருந்த இடம் இருக்கிறது. நெற்றி மிகவும் ஒடுங்கி, அதன் இருபுறமும் கண்குழிகள் இரண்டு நீண்ட வாய்க்கால்களாக ஓட்டின் மூலைவரை ஓடுகின்றன. அவ்வளவு நீளக் குழியில் படுக்கும் கண்ணுக்கு அதே அளவு நீளமான காம்பு இருந்திருக்க வேண்டும்.

சேற்றில் உடம்பை மறைத்துக்கொண்டு கண்ணை மட்டும் மேலே நீட்டிப் பார்க்கும் நண்டு அது. பேரினத்தின் பெயர் மேக்ரோப்தால்மஸ், பெருங்கண்ணன் என்று பொருள். பற்களையும் பொரிகளையும் நூல்களிலுள்ள படங்களோடு ஒப்பிட்டு, மேக்ரோப்தால்மஸ் லாட்ரெய்லி என்னும் சிற்றினத்துக்கே இது மிகவும் ஒத்திருக்கிறது என்று பேராசிரியரும் நானும் முடிவுக்கு வந்தோம். எனக்கு ஒரே மகிழ்ச்சி. "கண்டுபிடித்துவிட்டோம் ஐயா!" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பெயரைக் கண்டுபிடித்தாய். ஊர்?" என்று கேட்டார்.

பெயர் சொல்லாத செய்தி

இங்கேதான் சிக்கல். இந்த நண்டின் வரலாறு விந்தையானது. 1822-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் தெமாரே கல்லான நண்டுகளைப் பற்றி எழுதிய நூலில், ஒரு கல் நண்டைப் பார்த்துத்தான் இந்தச் சிற்றினத்துக்குப் பெயரிட்டார். ஆனால் இது அழிந்த உயிர் அன்று. ஆப்பிரிக்காவின் கீழைக் கரையிலிருந்து பசிபிக் தீவுகள்வரை கடலோரச் சேற்று நிலங்களில் இன்றும் உயிரோடு நடமாடுகிறது. கல்லான நண்டுகளும் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. சீனாவின் தென்கரையிலும் தென்கிழக்காசியாவிலும் ஆஸ்திரேலியாவின் வடகரையிலும் கிடைக்கின்றன. சீன மருந்துக் கடைகளில் கண் நோய்க்கு மருந்தாக "கல் நண்டு" விற்கிறார்களே, அதில் பெரும்பகுதி இந்த நண்டுதான்.

அப்படியானால் எண் 47 எங்கிருந்து வந்தது? கப்பலில் வேலை பார்த்த யாரேனும் கொடுத்தாரா? பழைய பேராசிரியர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தாரா? அல்லது நம் கரையிலேயே கிணறு தோண்டும்போது கிடைத்ததா? கடைசியில் சொன்னது உண்மையானால் எவ்வளவு பெரிய செய்தி! இன்று ஊராக இருக்கும் ஓர் இடம் ஒரு காலத்தில் கடலோரச் சேறாக இருந்தது என்று அந்த நண்டு சாட்சி சொல்லும். ஆனால் சாட்சிக்கு முகவரி இல்லை. முகவரி இல்லாத சாட்சியை எந்த நீதிமன்றம் ஏற்கும்?

சிற்றினம் தெரிந்தால் காலமாவது தெரியுமே என்று நினைத்தேன். அதுவும் இல்லை. இன்றும் வாழும் உயிரானதால் அந்தக் கல் சில ஆயிரம் ஆண்டுப் பழமையுடையதாகவும் இருக்கலாம், பல இலட்சம் ஆண்டுப் பழமையுடையதாகவும் இருக்கலாம். ஒட்டியிருக்கும் களிமண்ணைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்து, அதில் ஃபொராமினிஃபெரா என்னும் நுண்ணுயிர்களின் ஓடுகள் இருந்தால் ஓரளவு சொல்லலாம். கரிமக் காலக்கணிப்பு ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு மேல் எட்டாது. இவ்வளவும் செய்தாலும், "வெப்பமண்டலக் கடலோரச் சேறு" என்பதுவரைதான் போகமுடியும். எந்தக் கரை, எந்த ஊர், எந்த அடுக்கு என்பதைச் சாம்பலான அந்த இரண்டு வரிகள் மட்டுமே சொல்லியிருக்கும்.

திணை தெரிந்த நண்டு

நம் முன்னோர் நண்டை அலவன் என்றனர், ஞெண்டு என்றனர், கள்வன் என்றும் சொன்னார்கள். ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில் கள்வன் பத்து என்றே பத்துப் பாடல்கள் உள்ளன. சங்கப் புலவர் எவரும் நண்டை நிலமில்லாமல் பாடவில்லை என்பதைக் கவனியுங்கள். வயலில் வளை தோண்டும் நண்டு மருதத்துக்கு உரியது. ஈர மணலில் ஓடும் அலவன் நெய்தலுக்கு உரியது. எந்த நண்டு என்று சொல்லும்போதே எந்த நிலம் என்பதும் உடன்வந்துவிடும். முதற்பொருளாகிய நிலத்தையும் பொழுதையும் சொல்லிவிட்டே கருப்பொருளைச் சொல்ல வேண்டும் என்று இலக்கணம் வகுத்த மொழி நம்முடையது. தொல்லுயிரியலும் இதையே கேட்கிறது. எந்த நிலம்? எந்தப் பொழுது? இவ்விரண்டும் இல்லாத படிவம் திணை தெரியாத பாட்டைப் போன்றது.

கல்லையும் ஊரையும் சேர்த்துக் காத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. திருச்சி, அரியலூர் வட்டாரத்துப் பாறைகளை ஹென்றி பிளான்ஃபோர்டு என்னும் புவியியலார் தம் குழுவினருடன் ஆய்ந்து 1862-இல் அறிக்கை வெளியிட்டார். பாறை அடுக்குகளுக்கு அவர் வைத்த பெயர்கள் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர். அங்கே திரட்டிய படிவங்கள் கல்கத்தாவுக்குப் போயின. அவற்றை ஆய்ந்தவர் ஐரோப்பாவில் மொராவியா நாட்டில் 1838-இல் பிறந்த ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா. இங்கே கல்லைப் பொறுக்கியவர்கள் வேறு, கல்கத்தாவில் அதைப் படித்தவர் வேறு. ஆயினும் தென்னிந்தியக் கிரட்டேசியஸ் கால உயிர்களைப் பற்றி உலகம் இன்றும் புரட்டிப் பார்க்கும் பெருந்தொகுதிகளை அவரால் எழுத முடிந்தது. காரணம் என்ன? ஒவ்வொரு கல்லோடும் ஒரு சிற்றூரின் பெயர் போயிருந்தது. ஆனைப்பாடி, கருடமங்கலம், குன்னம் என்னும் நம் ஊர்ப் பெயர்கள் சீட்டில் ஏறி, கல்கத்தாவுக்குச் சென்று, அங்கிருந்து உலக நூலகங்களுக்குப் போயின. ஓர் அம்மோனைட்டுக்கு அவர் இட்ட பெயரிலேயே அரியலூர் இருக்கிறது.

அதே ஸ்டோலிச்கா 1871-இல் நண்டுகளுக்கென்றே ஒரு நூல் எழுதினார். சிந்து, கட்ச் பகுதிகளின் டெர்ஷியரி காலப் பாறைகளில் கிடைத்த கல் நண்டுகள் அதன் பொருள். டைபிலோபஸ் என்னும் புதிய பேரினத்தை அதில்தான் நிறுவினார். பின்னாளில் அதே பேரினத்தைச் சேர்ந்த நண்டுகள் எகிப்திலும் ஐரோப்பாவிலும் கிடைத்தன. கட்ச் எங்கே, எகிப்து எங்கே! இடையில் ஒரு காலத்தில் டெத்திஸ் என்னும் கடல் பரந்து கிடந்தது என்ற வரலாற்றுக்கு, விரற்கடை அளவுள்ள நண்டுகளும் இப்படித் துணைச்சான்று ஆயின. அந்த நண்டுகளின் சீட்டில் கட்ச் என்ற சொல் இல்லாதிருந்தால் இவை எதுவும் இல்லை. ஸ்டோலிச்கா 1874-இல், யார்க்கண்டு பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக் மலைகளில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 36. அந்தக் குறுகிய வாழ்நாளில் அவர் அவ்வளவு செய்ய முடிந்ததற்கு, யாரோ முகம் தெரியாத ஊழியர் வெயிலில் நின்று எழுதிய சீட்டுகளும் ஒரு காரணம் அல்லவா?

ஊரை மாற்றிய கல்லும், கால் முளைத்த கல்லும்

ஊர் தொலைவது ஒரு தீமை என்றால், ஊர் பொய்யாவது அதனினும் கொடிது. 1989 ஏப்ரலில் ஆஸ்திரேலியப் புவியியலார் ஜான் டாலண்டு "நேச்சர்" இதழில் எழுதிய கட்டுரை நம் நாட்டையே தலைகுனிய வைத்தது. பஞ்சாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஒருவர் ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் இமயத்தில் கிடைத்தவை என்று அறிவித்த படிவங்களில் பல, மொராக்கோவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்தவை என்று அவர் காட்டினார். பல்கலைக்கழக விசாரணையும் அந்தப் பேராசிரியரைக் குற்றவாளி என்றே கண்டது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கற்கள் போலி அல்ல, பெயர்களும் பெரும்பாலும் சரி. ஊர் மட்டுமே பொய். அந்த ஒரு பொய்யால் இமயத்தின் புவியியல் வரலாறு குழம்பியது. அவரை நம்பி உடன் எழுதியவர்களின் உழைப்பும் ஐயத்துக்கு உள்ளாயிற்று.

கடையில் வாங்கிய படிவத்துக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. 2019-இல் சீனாவின் யிக்சியன் பாறைகளிலிருந்து மிகப் பெரிய சிலந்திப் படிவம் ஒன்று கிடைத்ததாக ஓர் ஆய்விதழில் செய்தி வந்தது. பால் செல்டன் என்னும் அறிஞரும் அவருடைய தோழர்களும் ஐயுற்று, ஒளிரும் நுண்ணோக்கியில் அதைப் பார்த்தனர். கல்லின் சில பகுதிகள் ஒரு நிறத்திலும், ஒட்டுப் பசையும் வண்ணமும் வேறு நிறத்திலும் மின்னின. சிலந்தியின் கால்களில் சில தூரிகையால் வரைந்தவை. உள்ளே இருந்தது நண்டின் உறவான நன்னீர்க் கல்லிறால் ஒன்று! பாறையில் தம் கையால் எடுத்து அங்கேயே குறித்துக்கொண்ட ஒருவருக்கு இந்த ஏமாற்றம் நேருமா?

மறுப்புகளும் என் விடையும்

இதை நான் நண்பர்களிடம் சொன்னபோது மூன்று மறுப்புகள் வந்தன.

"கல் அழகாக இருக்கிறது, பார்க்கிறோம், மகிழ்கிறோம். அது போதாதா?" என்றார் ஒருவர். அழகுக்கு மட்டும் என்றால் மாமல்லபுரத்துக் கல் நண்டு போதுமே! நம் அருங்காட்சியகம் அழகுக்காக இல்லை, அறிவதற்காக இருக்கிறது.

"இன்று செல்பேசியில் படம் எடுத்துக் காட்டினால் அதுவே பெயர் சொல்லிவிடுகிறது. சீட்டு எதற்கு?" என்றார் இன்னொருவர். அவர் தம்மை அறியாமலே என் பக்கம் பேசுகிறார். பெயர் காண்பது நாளுக்கு நாள் எளிதாகிறது என்றால், எந்தக் கருவியாலும் காண முடியாத ஊரின் மதிப்பு நாளுக்கு நாள் உயர்கிறது என்றுதானே பொருள்?

மூன்றாம் நண்பரின் மறுப்பு எளிதில் ஒதுக்கக்கூடியது அன்று. "அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் நாள்தோறும் எத்தனையோ படிவங்கள் அரைபட்டுச் சிமெண்டாகின்றன. அவற்றில் ஒன்றை எவரோ எடுத்து விற்றாலும், எவரோ வாங்கி வீட்டு அலமாரியில் வைத்தாலும், ஒரு படிவம் பிழைத்தது அல்லவா?" என்றார். இதில் உண்மை இருக்கிறது. அரைபடுவதைவிட அலமாரியில் இருப்பது மேல். ஆனால் ஊரும் அடுக்கும் எழுதாமல் எடுத்த படிவத்தில் பிழைத்தது உடம்பு மட்டுமே. அது சொல்ல வந்த செய்தி சிமெண்டோடு போய்விட்டது. எடுக்கும் அந்த நிமிடத்தில் ஒரு வரி எழுதினால் இரண்டும் பிழைக்குமே! அதற்கு ஆகும் செலவு ஒரு துண்டுத் தாள்.

இதற்கு மாறான காட்சியையும் பாருங்கள். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிய பெருமரத்தின் அடிமரம் கிடக்கிறது. 18 மீட்டர் நீளமுள்ள அதைப் பெயர்த்து எந்தக் கூடத்துக்கும் கொண்டுபோகவில்லை, கிடந்த இடத்திலேயே வேலி போட்டுக் காக்கிறார்கள். அந்த மரத்துக்குச் சீட்டே தேவையில்லை. அது கிடக்கும் மண்ணே அதற்குச் சீட்டு.

நாம் செய்யக்கூடியவை

குறை சொல்வது எளிது. என்ன செய்யலாம் என்று சொல்வதே கடமை. மாணவர்களாகிய நாமே செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, நம் கல்லூரியின் எல்லாத் துறை அருங்காட்சியகங்களுக்கும் புதிய பதிவேடு வேண்டும். பொருளின் எண், பெயர், கிடைத்த இடம், நாள், கொடுத்தவர் ஆகியவற்றை எழுதி, இரண்டு படிகள் எடுத்து, ஒன்றைத் துறையிலும் மற்றொன்றை நூலகத்திலும் வைக்க வேண்டும். கறையான் இரண்டு இடத்திலும் ஒரே நாளில் வராது. விலங்கியல் துறைப் பொருள்களை எங்கள் வகுப்பு எழுதத் தொடங்கிவிட்டது. ஓய்வுபெற்ற ஆசிரியப் பெருமக்களைத் தேடிச் சென்று, நினைவிலிருப்பதைக் கேட்டு எழுதுகிறோம். நினைவிலிருந்து எழுதியதை "நினைவிலிருந்து" என்றே குறிக்கிறோம்.

இரண்டாவது, அரியலூர், காரை பக்கம் கல்விச் சுற்றுலா போகும்போது பையில் அள்ளிக்கொண்டு வரும் பழக்கத்தை விட வேண்டும். பாதுகாக்கப்பட்ட இடத்தில் கைவைக்கவே கூடாது. இசைவு உள்ள இடத்தில் எடுத்தாலும், ஒரு கல்லுக்கு ஒரு பொட்டலம், ஒரு பொட்டலத்துக்கு ஒரு சீட்டு. ஊர், ஓடை அல்லது சுரங்கம், எந்த அடுக்கு, நாள், எடுத்தவர் ஆகிய ஐந்தும் அங்கேயே எழுதப்பட வேண்டும். விடுதிக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்பது எழுதாமைக்கு இன்னொரு பெயர். நம் கையிலுள்ள செல்பேசியே அட்சரேகையும் தீர்க்கரேகையும் சொல்கிறது. பிளான்ஃபோர்டின் ஊழியருக்கு இல்லாத வசதி நமக்கு இருக்கிறது, அவருக்கு இருந்த பொறுமையும் நமக்கு வேண்டும்.

மூன்றாவது, அறிவியலுக்குப் புதியதாகத் தோன்றும் படிவத்தை நண்பருக்குப் பரிசாகக் கொடுக்காமல், பொது அருங்காட்சியகத்தில் சேர்க்க வேண்டும். மாணவன் கையில் என்ன பெரிதாகக் கிடைத்துவிடப் போகிறது என்று எண்ண வேண்டா. கொலம்பியா நாட்டில் ஹாவியர் லூக்கே என்பவர் மாணவராக இருந்தபோது, 2005-இல், சிறு சிறு நண்டுப் படிவங்களைக் கண்டெடுத்தார். பெரிய கண்களும் துடுப்புக் கால்களும் கொண்ட அந்த நண்டு எந்தக் குடும்பத்திலும் அடங்கவில்லை. 14 ஆண்டு உழைப்புக்குப் பிறகு 2019-இல் அவரும் அவருடைய தோழர்களும் அதற்குக் கலிக்கிமேரா என்று பெயரிட்டு உலகுக்கு அறிவித்தார்கள். 9 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட நண்டு அது. நம் காரைக் களிமண் அடுக்குகளும் ஏறத்தாழ அந்தக் காலத்தை ஒட்டியவையே. பெயர் வைக்கப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. அதுவரை அந்த நண்டுகள் காத்திருக்க முடிந்தது, அவற்றின் ஊர் முதல் நாளே எழுதப்பட்டிருந்ததால்தான்.

புதுச் சீட்டு

எண் 47 இன்றும் அதே கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. புதுச் சீட்டு எழுதும்படி பேராசிரியர் என்னிடம் சொன்னார். நான் எழுதிக் கொண்டுபோனேன்: "மேக்ரோப்தால்மஸ் லாட்ரெய்லி. ஆண். கல் நண்டு." அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "உறுதியாகத் தெரிந்தது பேரினம்தான், சிற்றினத்துக்கு முன்னால் 'ஒத்தது' என்று போடு. ஊர் எங்கே?" என்றார். "தெரியவில்லையே ஐயா" என்றேன். "அப்படியானால் தெரியவில்லை என்று எழுது. ஏன் தெரியவில்லை என்பதையும் எழுது. இடத்தை வெறுமையாக விட்டால் நாளைக்கு எவனாவது அரியலூர் என்று நிரப்பிவிடுவான்."

அவ்வாறே எழுதினேன். கிடைத்த இடம்: தெரியாது. முதற்சீட்டு துப்புரவின்போது அழிந்தது. அதன் கீழே என் கையொப்பம்.

அருங்காட்சியகத்துக்குப் போகும்போது அந்தச் சீட்டை ஒருமுறை படித்துப் பாருங்கள். எனக்கு அதில் வெட்கம் இருக்கிறது, ஆனால் பொய் இல்லை. எத்தனையோ கடல் வற்றி, கரை மாறி, சேறு கல்லாகும்வரை அந்த நண்டு தன் செய்தியைக் காத்து வந்தது. அதை நாம் வாங்கி வைத்துக்கொள்ளும் முறை தெரியாமல் இழந்தோம். இனி நம் கைக்கு வரும் எந்தக் கல்லும், எந்தச் சங்கும், எந்த ஓட்டுச் சில்லும் ஊர் இல்லாத அநாதையாக இந்தக் கல்லூரிக்குள் நுழையக் கூடாது. பெயரை அறிஞர் வைக்கட்டும். ஊரை நாம் எழுதுவோம்.